ஸ்கூட்டியில் அஞ்சு நிமிடம்

"அண்ணே, அந்த அஞ்சு நிமிஷத்த நீங்க நடந்து காட்டுங்க" என்றார் செல்வி. வீட்டுத் தரகு வேலைக்கு வந்த இருபது வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

செல்விக்கு சேதராப்பட்டில் கம்பெனி வேலை. காலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்ட் வாசலுக்குக் கம்பெனி வேன் வரும், யாருக்காகவும் நிற்காது. ஏற்கெனவே இரண்டு முறை விட்டிருந்தார். இன்னொரு முறை விட்டால் வேலை போய்விடும். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிங்கிள் பெட்ரூம் தேடினார்.

நெல்லித்தோப்பில் ஒரு வீட்டைக் காட்டி, "பஸ் ஸ்டாண்டு அஞ்சே நிமிஷம்மா" என்றிருந்தேன். பொய் இல்லை. என் ஸ்கூட்டியில் அஞ்சு நிமிடம்தான். எங்கள் தொழிலில் தூரத்தை வண்டியில்தான் அளப்போம். நடக்கப்போவது நாங்களா?

அன்றைக்கு நடந்தேன். மானத்தைக் காப்பாற்ற முதலில் வேகமாகப் போனேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. போய்ச் சேர பதினெட்டு நிமிடம்.

"தண்ணி குடிங்கண்ணே. வண்டிய எடுக்கத் திரும்ப வேற நடக்கணும்" என்றார் செல்வி. எனக்கு வெட்கமாகிவிட்டது.

உருளையன்பேட்டையில் ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. நடந்தாலே நாலு நிமிடம். நான் அதைக் காட்டாததற்குக் காரணம் வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஐயா’ என்பதைப் போல, தெருவுக்கே அவர் முசியே. கேட் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டார், காலை ஆறுக்கு முன்னால் திறக்கவும் மாட்டார்.

வேறு வழியில்லாமல் அழைத்துப் போனேன். கேட்டைச் சீக்கிரம் திறக்கச் சொல்லிக் கேட்டதற்கு முசியே அசைந்து கொடுக்கவில்லை. "ஆறு மணிக்குத்தான் கேட்டு. புடிச்சா இரு."

"பட்டாளத்துல எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க முசியே?" என்று செல்வி கேட்டார்.

"நாலரைக்கு!"

செல்வி என் பக்கம் திரும்பினார். "இப்ப முடியல போலருக்குண்ணே, பாவம்."

"யாருக்கு முடியல?" என்று எழுந்தே விட்டார் முசியே. "அஞ்சேகாலுக்கு நான் கேட்டுல நிப்பேன். நீ ஒரு நிமிஷம் லேட்டா வந்தா பூட்டிட்டுப் போயிடுவேன்!"

செல்வி குடிவந்தபின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முசியேவிடமிருந்து போன். வேன் போய்விட்டதோ என்று பதறி எடுத்தேன்.

"என்னய்யா ஆள் புடிச்சிக் குடுத்த? குளிச்சி, சட்ட போட்டுட்டு கேட்டுல நிக்கிறேன், ஆளக் காணோம். மேல போயி கதவத் தட்டுனா, இன்னிக்கு லீவாம்!"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை ரூம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்திவிட்டு அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

செல்வி அதற்குப் பிறகு ஒரு நாளும் வேனை விடவில்லை. முசியே விடுவதில்லை.