பன்னிரண்டு பேருக்கு ஒரு நம்பர்

என் வலது சிறுநீரகத்திலிருந்து இறங்கி வழியில் மாட்டிக்கொண்ட கல் எட்டு மில்லிமீட்டர் என்று அல் ஐன் கிளினிக்கில் சொன்னார்கள். ரூமுக்கு வந்து நான் அதை ஜல்லி என்றேன். கட்டட வேலைக்கு வந்தவன் உடம்பில் ஜல்லி இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்று கேட்டேன். மற்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். மாத்திரை போட்டிருந்ததால் நானும் சிரித்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டாக்டர் சொன்னதில் கொஞ்சம்தான் விளங்கியது. மூன்று வாரம் மாத்திரை. கல் தானாக விழாவிட்டால் உள்ளே குழாய் விட்டு உடைக்க வேண்டும். அதற்கு இன்சூரன்ஸில் அனுமதி கேட்டு எழுதுகிறோம், வந்ததும் மெசேஜ் வரும். ரொம்ப நாள் அப்படியே விட்டால் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுவிடும் என்றும் சொன்னார். இந்தக் கடைசி விஷயத்தை ரூமில் சொல்லவில்லை. சிரிக்க வைக்க முடியாத எதையும் நான் ரூமில் சொல்லிப் பழகவில்லை.

மெசேஜ் என்றால் என் போனுக்கு அல்ல. நாங்கள் வந்து இறங்கிய முதல் வாரத்தில் பன்னிரண்டு பேருக்கும் மெடிக்கல் கார்டுக்குப் பேப்பர் எழுதினார்கள். போன் நம்பர் இல்லாமல் பேப்பர் நகராது. யாரிடமும் சிம் கிடையாது. பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் மட்டும் ஏற்கெனவே ஆறு வருஷம் இங்கே இருந்தவர். அவரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. “என் நம்பரப் போடுங்கப்பா, பொறவு மாத்திக்கலாம்” என்றார். பன்னிரண்டு பேப்பரிலும் அதே நம்பர் ஏறியது. பொறவு எல்லோரும் பெரிய பெரிய போனாக வாங்கினோம். நம்பரை மட்டும் ஒருவனும் மாற்றவில்லை. மாற்றுவானேன்? இங்கிலீஷில் வருவதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும்போது?

டூட்டி முடிந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து அவர் அன்றைய தபாலைப் படிப்பார். போஸ்ட்மாஸ்டர் என்று பெயர் வைத்தது நான்தான்.

“காது வலின்னு போனது யாருப்பா? உனக்கு வியாழக்கிழமை பத்து மணி.”

“போஸ்ட்மாஸ்டரண்ணே, எனக்குப் பொண்ணு வீட்லருந்து எதுவும் வரலியா?” என்று நான் கேட்பேன்.

“ஒனக்கு ரத்தத்துல சர்க்கரை இல்லேன்னு வந்துருக்கு. பொண்ணு வீட்டுக்கு இதையே அனுப்பிவிடு. பையனுக்கு அது ஒண்ணுதான் நல்லாருக்குன்னு தெரிஞ்சிக்கட்டும்.”

கல்லுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த இரண்டாவது வாரமே அல் ஐன் வேலை முடிந்துவிட்டது. கம்பெனி எங்களைச் சில்லறை மாற்றுவதுபோல் பிரித்தது. என்னோடு சேர்த்து ஐந்து பேர் துபாய் சைட்டுக்கு. ஆறு பேர் வேறு கேம்ப்புக்கு. போஸ்ட்மாஸ்டர் கணக்கு முடித்து விசாவை ரத்து செய்துகொண்டு, ஓமனில் சோஹார் துறைமுகப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் பஸ் ஏறியபோது அவர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

துபாய் கேம்ப்பில் மாத்திரை தீர்ந்தது. வலியும் நின்றிருந்ததால் கல் விழுந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துக் காலை பத்து மணிக்கு, கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது, முதுகில் யாரோ திருகாணியை வைத்துத் திருகியதுபோல் இருந்தது. கீழே உட்கார்ந்தேன். அப்புறம் படுத்தேன். அப்புறம் வாந்தி. ஃபோர்மேன் வந்து பார்த்து, “க்யா ஹுவா பாய், ஆக்டிங்?” என்றார். வாந்தியைக் காட்டினேன். அதை நடிப்பில் சேர்க்க முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

எமர்ஜென்சியில் ஊசி போட்டார்கள். வலி போனது. டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுக்க, கேம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கவுண்டரில் ஒரு மலையாளப் பெண். என் கார்டை மெஷினில் காட்டிவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“தம்பி, இது அல் ஐன்ல ரெஜிஸ்டர் பண்ண கார்டு. இங்க பாக்க முடியாது.”

“சேச்சி, கல்லு என்கூடவே துபாய் வந்துருச்சு. கார்டு மட்டும் ஏன் அல் ஐன்லயே நிக்குது?”

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னால் அன்று நான் நாற்பதாவது ஆளாக இருந்திருப்பேன். கிளினிக்கை இங்கே மாற்றலாம், ஒன்றும் பெரிய வேலை இல்லை என்றாள். ஏதோ தட்டினாள். “உங்க போனுக்கு ஒரு கோடு வரும், நாலு நம்பர். சொல்லுங்க.”

என் போனைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன். அதில் எதுவும் வராது என்று எனக்குத் தெரியும்.

“நம்பர் வேறயாளோடது, சேச்சி. அவரு ஓமன் போயிட்டாரு.”

“அப்போ நம்பர் மாத்தணும்.”

“மாத்துங்க.”

“மாத்தறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் கோடு போகும்.”

இதைச் சொன்னபோது அவள் லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரூமில் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

போஸ்ட்மாஸ்டரின் பழைய நம்பருக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அரபியிலும் இங்கிலீஷிலும் ஒரு பெண் சொன்னாள். கம்பெனி கடிதம் கொடுத்தால் கோடு இல்லாமலே மாற்றலாம் என்று கவுண்டரில் சொன்னார்கள். கடிதம் எழுத வேண்டிய பி.ஆர்.ஓ., கம்பெனியின் பேப்பர் வேலையெல்லாம் பார்ப்பவர், அல் ஐன் ஆபீஸில் இருந்தார். கேம்ப்பைக் கவனித்துக்கொள்ளும் கேம்ப் பாஸிடம் கேட்டேன். “நாளை” என்றார். அந்த நாளை நான்கு வாரம் நீண்டது. எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆபீஸுக்கும் லீவு. மற்ற நாளில் டூட்டி முடிந்து பஸ் கேம்ப்புக்கு வரும்போது கேம்ப் பாஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருப்பார். என் முகத்தைப் பார்த்ததும் சாவியைச் சீக்கிரமாகத் திருப்புவார்.

“லெட்டர் மாஃபி, பாய். கல்.”

மாஃபி என்றால் அரபியில் இல்லை. கல் என்றால் ஹிந்தியில் நாளை. எனக்கு அது எப்போதும் கல்லாகத்தான் காதில் விழுந்தது.

இதற்கிடையில் ரூமில் ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருவன் பார்லி காய்ச்சினான். இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமை பர் துபாய் போய், மீனா பஜார் பக்கத்துக் கடையில் வாழைத்தண்டு வாங்கி வந்து இடித்துப் பிழிந்து கொடுத்தான். திருவாடானைக்காரன் ஒருவன், எனக்குச் சொந்தக்காரன் முறை, மாடிப்படியில் ஒற்றைக்காலில் குதித்து இறங்கச் சொன்னான்.

“குதி மாப்ள. ஆட்டுன ஆட்டுல சல்லி உதுந்துரும்.”

“நான் உதுந்துருவேன்டா.”

குதித்தேன். மூன்று மாடி. கேம்ப் செக்யூரிட்டி நேபாளி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வலி நான்கு நாளைக்கு ஒரு தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் ஊசி. ஊசிக்குப் போன நேரமெல்லாம் ஆப்சென்ட். கடைசியில் வலிகூடச் சலித்துப் போனது. வருகிறாயா வா, எனக்கும் வேறு வேலை இல்லை என்று சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருப்பேன். எனக்கு வலியைவிட அந்த டாக்டர் சொன்ன ‘வீங்கிக் கெட்டுவிடும்’தான் உறுத்தியது. கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியே எதுவும் வீங்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எவனுக்குத் தெரியும்.

போஸ்ட்மாஸ்டரின் ஓமன் நம்பர் எங்கள் ஐவரிடமும் இல்லை. ஒரு வருஷம் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மனிதர். கிண்டலடிக்கத் தெரிந்த அளவுக்கு அவரைப் பற்றி வேறு எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வேறு கேம்ப்புக்குப் போனவர்களில் ஒருவன் அவர் ஊருக்குப் பக்கத்து ஊர். அவன் தன் வீட்டுக்குச் சொல்லி, அவர்கள் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டு, அவர் வீட்டு அக்கா எழுதிக் கொடுத்து, நம்பர் எனக்கு வந்து சேர எட்டு நாள்.

“அண்ணே, போஸ்ட் ஆபீஸ் தொறந்துருக்கா?”

“டேய் சல்லிப்பயலே” என்றார். குரல் அப்படியே இருந்தது. சொன்னேன். பட்டன் போன் பெட்டியில் சும்மாதான் கிடக்கிறது, சிம் அதிலேயே இருக்கிறது, சார்ஜ் போட்டு வைக்கிறேன் என்றார். ஓமனில் அந்த சிம்மில் சிக்னல் எடுக்குமா என்று தெரியாது. சாயங்காலம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எடுக்குது. சிக்னல் ஒரு கம்பிதான் காட்டுது, மாடியில நின்னா ரெண்டு.”

அவர் சைட்டில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கையில் தருவார்கள். அங்கேயும் இங்கேயும் ஒரே மணிதான். நான் அரை நாள் லீவு போட்டேன். பன்னிரண்டரைக்குக் கவுண்டரில் டோக்கன் வரவேண்டும் என்று கணக்குப் பண்ணி, எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரிடம் டோக்கன் மாற்றி வாங்கினேன். அதே சேச்சி.

“அனுப்பறேன். மூணு மினிட்தான் இருக்கும்.”

போனைக் காதில் வைத்துக்கொண்டேன். “அண்ணே, வருதா?”

“இரு.”

“அண்ணே.”

“இருடா. கல்லு மாதிரி இதுவும் மெதுவாத்தான் வருது.”

நேரம் முடிந்துபோனது. சேச்சி மறுபடி தட்டினாள். அதற்குள் முதல் கோடு வந்துசேர்ந்து, அவர் அதைப் படித்து, அது செல்லாது என்று மெஷின் சொல்லி, இரண்டாவது வந்தபோது அவர் பக்கத்தில் யாரோ விசில் ஊதிவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு எண்ணாகக் கத்தினார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். நான் சொல்லச் சொல்ல சேச்சி தட்டினாள். திரையைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். முதல் வேலையாக நம்பரை என்னுடையதாக மாற்றினாள். இந்தத் தடவை நான் கேட்கவே இல்லை.

நன்றி சொல்ல அண்ணனைக் கூப்பிட்டேன். போனை அதற்குள் கேட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் கோயம்புத்தூர்க்காரர். தமிழில் பேசினார் என்பதே அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சொகுசு.

“வலது கிட்னி நல்லா வீங்கியிருக்கு, தம்பி. பாதிதான் வேலை செய்யுது. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?”

“நான் விடல சார். அதுதான் என்னை விடல.”

அவர் முகம் அப்படியே இருந்தது. முதலில் ஒரு டியூப் வைத்து நீரை இறக்குவோம், சில வாரம் கழித்துக் கல்லை உடைப்போம் என்றார். கிட்னி திரும்பி வருமா என்று கேட்டேன். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். இரண்டு மாதம் முன்னால் எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. அல் ஐனில் அனுமதி வரவில்லையா என்று கேட்டார். வரவில்லை சார் என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டியூப் வைத்த நான்காம் நாள், கட்டிலில் படுத்திருந்தபோது அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கோடு தேடும்போது பட்டன் போனில் பழைய மெசேஜ்கள் கண்ணில் பட்டதாம். சாவகாசமாக ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். அதில் என் பேருக்கு ஒன்று. கல்லை எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது, முப்பது நாளுக்குள் அல் ஐன் வந்து எடுத்துக்கொள்ளவும். நாங்கள் பஸ் ஏறிய மறுநாள் வந்திருக்கிறது. அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாள்.

அனுமதி வராமல் நான் கிடக்கவில்லை. அனுமதி சோஹாரில் ஒரு பெட்டியில் துணிக்கு அடியில் கிடந்திருக்கிறது. நான் மூன்று மாடி ஒற்றைக்காலில் குதித்தபோதும்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“கேட்டியாப்பா?”

“கேட்டேண்ணே.”

“படிக்காம விட்டுட்டேன். பன்னெண்டு பேருதையும் ஒண்ணு விடாம படிச்சவன், அத மட்டும் பாக்கல. அப்பவே சொல்லிருந்தா ஒனக்கு இவ்வளவு ஆயிருக்காதுல்ல?”

வாயில் நல்ல கிண்டல் ஒன்று வந்து நின்றது. தபால் லேட்டானால் போஸ்ட்மாஸ்டருக்கு மெமோ என்று ஏதோ. அதை விழுங்கினேன். பக்கவாட்டில் டியூப் சுருக்கென்றது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. கல்லு தானா விழுந்துருச்சு. டாக்டர் சும்மா பாத்துட்டு அனுப்பிட்டாரு.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். திருவாடானைக்காரன் படியில குதிக்கச் சொன்னான். குதிச்சேன், விழுந்துருச்சு.”

அவர் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். இதுவரை நான் அவரிடம் சொன்னதில் கிண்டல் கலக்காதது இது ஒன்றுதான். அதுவும் பொய். அவர் நம்பிவிட்டார்.

அன்றிலிருந்து பட்டன் போனை அவர் அணைப்பதில்லை. மற்ற பதினோரு பேரின் நம்பரையும் தேடிப் பிடித்துவிட்டார். அந்தப் பழைய நம்பருக்கு எது வந்தாலும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார். அநேகமாகக் கண்ணாடிக் கடைத் தள்ளுபடி, பிரியாணி ஆஃபர். நேற்று வந்ததில் ஒரு பெண் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் வெள்ளையாக்கும் விளம்பரம். கூடவே அவர் குரல்:

“தம்பி, இது ஒனக்கான்னு பாத்துக்க.”

கல்லை உடைக்கும் தேதி அடுத்த செவ்வாய்க்கிழமை. அது என் போனுக்கே வந்துவிட்டது.

“எனக்கில்லண்ணே” என்று பதில் போட்டேன்.