ஆறு பல் பூண்டு

அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்த பூண்டின் தோல் கருகும் வாசனையில்தான் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்டிருந்த எங்கள் லயத்து வீட்டில் பொழுது விடியும். மலாயாவில் கோலா சாவாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது, வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது, எனக்குப் பத்து வயது. பால்மரப் பட்டையை வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு "ரத்தக் கொதிப்பு" இருப்பதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுத்துவந்த டிரெசர் ஐயா கையில் பட்டை சுற்றிப் பார்த்துச் சொல்லியிருந்தார். உப்பைக் குறை, கருவாட்டை விடு, ஓய்வெடு என்றார். ஓய்வு என்றதும் அம்மா சிரித்துவிட்டாள். யாரோ சொன்னதைக் கேட்டுப் பூண்டு தின்ன ஆரம்பித்தாள். காலையில் சுட்டது இரண்டு பல், மரக்காட்டில் தலை கனக்கும்போது மெல்லப் பச்சையாக ஆறு பல்.

"பூண்டு தின்னா கொதிப்பு எறங்கும்னு எந்தப் பொஸ்தகத்துலயும் நான் படிக்கலம்மா" என்று டிரெசர் ஐயா கடுகடுத்தது எனக்கு நினைவிருக்கிறது.

காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்த காலம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வாசலைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண்ணையே நிறுத்தியிருந்தார்கள். அம்மா பூண்டைச் சீலை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். நான் வாசல்வரை கூடவே நடப்பேன்.

ஒருநாள் அந்தப் பெண்ணின் கை முடிச்சில் நின்றது. அவிழ்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் ஆறு பல்லும் வெள்ளையாகக் கிடந்தன. அவள் கண்டும் காணாமல் விட்டிருப்பாளோ என்னவோ, பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

"மருந்துக்குத் திங்கிறதுங்க" என்றாள் அம்மா. யாரும் காதில் வாங்கவில்லை. ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். காட்டுக்குச் சாப்பாடு கொடுத்ததாகப் பிடிபட்டால் ஜெயில், இல்லையென்றால் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொள்வார்கள். அம்மா மலாயாவிலேயே, லுக்குட்டில் பிறந்தவள். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சவரம் செய்துகொண்டிருந்த டிரெசர் ஐயா, நான் சொல்லி முடிப்பதற்குள் அழுத்தம் பார்க்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு நுரையோடு புறப்பட்டுவிட்டார். ஆபீசில் யாரிடமும் பேசாமல் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி, பாதரசம் ஏறி நின்ற இடத்தை வெள்ளைக்கார அதிகாரிக்குக் காட்டினார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பூண்டு தான் கொடுத்த மருந்து, அதை நிறுத்தி இவள் மரத்தடியில் விழுந்தால் தான் பொறுப்பில்லை என்று அவர் சொன்னதாக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பின்னால் எங்களிடம் சொன்னார். அதிகாரி அம்மாவைப் போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் டிரெசர் ஐயா நின்றார். "ஒனக்காகப் பொய் சொல்லிட்டேன். இனிமேயாவது கருவாட்ட விடும்மா."

கருவாடு இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காதவள் அன்றோடு விட்டாள். வாராவாரம் போய்க் கையை நீட்டினாள். பாதரசம் மெல்ல மெல்ல இறங்கியது. வீட்டில் பூண்டையும் விடவில்லை. எதனால் இறங்கியது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. என் இரண்டாவது பிள்ளையைக் கையில் வாங்கிக் கொஞ்சும் வரைக்கும் இருந்தாள்.

இப்போது எனக்கும் அதே கொதிப்பு. சிரம்பானில் நான் பார்க்கும் டாக்டர், பூண்டு கொஞ்சம் உதவலாம், சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்கிறார். போன மாதம் மகனோடு தோட்டத்துப் பக்கம் போனேன். லயமும் இல்லை, வேலியும் இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரை. டிரெசர் ஐயா கோலா பிலாப் பக்கம் மாற்றலாகிப் போனார் என்பது வரைதான் எனக்குத் தெரியும். அவர் பிள்ளைகளையாவது தேடிப் பார்க்கலாமே, அவர் பெயர் என்னம்மா என்று மகன் கேட்டான்.

நாங்கள் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.