மலை சிவக்கும் பத்து நாட்கள்

மலையில் இலையுதிர்காலம் பத்து நாள்தான் நிற்கும். அந்தப் பத்து நாளுக்குள் யாரோ ஒருவர் கொண்டாட்டத்துக்கு மண்டபம் எடுத்துவிடுவார் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம். மற்ற மாதங்களில் நான் ஒஸ்லோவில் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கும் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று தமிழ் வீடுகளுக்குப் படம் எடுப்பவள். செப்ரெம்பர் வந்தால் கமராவைக் காரில் ஏற்றிக்கொண்டு ரொம்சோஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாலு மணித்தியாலம் ஓடி, ரொண்டானே மலைக்குப் போய்விடுவேன். விரல் விறைக்க, மூக்கு ஒழுக, ஒரு கீற்று வெளிச்சத்துக்காகக் காத்து நின்றவர்களே, இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை

எங்களுக்குப் பக்கத்தில், ஸ்டோவ்னரில் இருக்கும் பவளக்காவின் மூத்த மகளுடைய சாமத்தியவீட்டுக்கு நான்தான் படம் எடுத்தேன். இளையவளுக்கு மண்டபம் கிடைத்தது செப்ரெம்பர் மூன்றாவது சனிக்கிழமை. நாலு மாதம் முந்தியே கூப்பிட்டுச் சொன்னார். ஏலாது என்றேன். வேறு கலியாணமோ என்று கேட்டார். இல்லை, மலை என்றேன். மலையில் யாருடைய கொண்டாட்டம் என்றார். ஒருவருடையதும் இல்லை, இலை சிவக்கும், அதை எடுக்கப் போகிறேன் என்றேன். அடுத்த கிழமை போனால் என்ன என்றார். அடுத்த கிழமை இலை இராது என்றேன்.

நன்றாகப் படம் எடுக்கும் இன்னொருவரின் நம்பரைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததேயில்லை. போனை வைக்கமுதல் அவர் சொன்னது இதுதான்: "மனிசரே இல்லாத இடத்தைப் படமெடுக்கப் போறன் எண்டு மனிசரை வேண்டாமெண்டு சொல்லுற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்."

கார் தரிப்பிடத்தில்

மலையடிவாரத்துக் கார் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மூன்றுகால் ஸ்ராண்டை விரித்துக் கமராவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். நாயோடு நடக்க வந்த ஒரு நோர்வீஜியர் கிட்டே வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவான ஆங்கிலத்தில், வழி தவறிவிட்டதா, பஸ் கீழேயிருந்துதான் போகும் என்றார். நான் நோர்வீஜிய மொழியில், வழி தெரியும், என் கார் அதோ நிற்கிறது என்றேன். அப்படியானால் காட்டுப்பழம் பிடுங்க வந்தாயா என்றார். இருபது மீற்றர் தள்ளி இதே மாதிரி ஸ்ராண்ட் வைத்துக்கொண்டு ஒரு பொன்முடிக்காரன் நின்றான். அவனிடம் இவர் என்ன லென்ஸ் என்று விசாரித்ததை நான் சற்று முந்தித்தான் கேட்டிருந்தேன்.

வெளிச்சத்துக்காக நிற்கிறேன் என்றேன். இன்றைக்கு முழுக்கப் புகார்தான், இந்த மூடுபனி விலகாது, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் பொன்முடிக்காரனும் கமராவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அந்த "வீட்டுக்குப் போ" காதிலேயே நின்றது. போகவில்லை. மூன்று மணித்தியாலம் நின்றேன். அவர் நாயோடு திரும்பி வந்தபோது புகார் விலகி, சரிவு முழுக்கத் தணல்போலச் சிவந்து கிடந்தது. பத்து நிமிடம் இருக்கும். நான் எடுத்துக்கொண்டேயிருந்தேன். அவர் நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பிறகு தன் சுடுபோத்தலைத் திறந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "நீ வழி தவறினவள் இல்லை, பிடிவாதக்காரி."

சிவப்பைக் குறை

அந்தப் படத்தைத்தான் எங்கள் புகைப்படக் கழகத்தின் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். படங்களைத் தெரிவு செய்பவர் ஆர்னே. நல்ல மனிதர், என்னைவிட அதிக காலம் மலையில் அலைந்தவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிவப்பைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டுவரச் சொன்னார். நோர்வேயின் இலையுதிர்காலம் அடக்கமானதாம். இவ்வளவு நிறம் நான் பிறந்த நாட்டிலிருந்து என்னோடு வந்ததாம்.

நான் பிறந்த நாட்டில் இலையுதிர்காலமே கிடையாது என்றேன். சரிவைச் சிவக்க வைத்திருந்த, முழங்கால் உயரமும் இல்லாத குட்டி பேர்ச் செடியின் சிவந்த கொப்பு ஒன்று கமராப் பைக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை எடுத்துப் படத்தின்மேல் வைத்தேன். குறைப்பதானால் இதையும் குறைத்துத் தாருங்கள் என்றேன். ஆர்னே கண்ணாடியைக் கழற்றி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படத்தின் பின்பக்கத்தில், அதைத் தொங்கவிடும் சுவரின் இலக்கத்தை எழுதிக்கொண்டே சொன்னார்: "அப்படியென்றால் மிகைப்படுத்துவது மலைதான்."

பட்டுச்சேலை

கார்த்திக் சென்னையிலிருந்து வந்து இங்கே மென்பொருள் வேலை செய்பவர். கண்காட்சியில் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுச் சுவருக்குப் பெரிதாக ஒன்று கேட்டார். கூடவே, தன்னையும் மனைவி வித்யாவையும் அந்தச் சரிவில் ஒட்டித் தர முடியுமா என்றார். மாட்டேன் என்றேன். எல்லாரும் பண்றாங்க மேடம், கம்ப்யூட்டரில் அஞ்சு நிமிஷ வேலை என்றார். படத்தில் நிற்க ஆசையென்றால் மலையில் வந்து நில்லுங்கள் என்றேன். அது வடிவாய் இருக்கும் என்றேன். வடிவு என்றால் அழகு என்று பிறகு விளக்க வேண்டி வந்தது.

அடுத்த செப்ரெம்பரில் உண்மையாகவே வந்தார்கள். வித்யா பட்டுச்சேலை உடுத்து, மேலே போட்டிருந்த தடித்த ஜக்கெட்டைக் கடைசி நொடியில் கழற்றிவிட்டு, காற்றில் நின்றார். உதடு நீலமாகிவிட்டது, பல் அடித்தது. ஆனால் போதும் என்று நான் சொல்லும்வரை அசையவில்லை. பிறகு ஜக்கெட்டுக்குள் புகுந்துகொண்டு கமராத் திரையை எட்டிப் பார்த்து, மனம் நொந்து சொன்னார்: "ஃபோட்டோவுல இந்தக் குளிர் தெரியவே மாட்டேங்குதே மேடம்."

இடது கை

போன வருடம், மலைக்குப் போன முதல்நாளே ஈரக் கல்லில் வழுக்கி விழுந்தேன். லென்ஸ் உடைந்தது, இடது மணிக்கட்டும் உடைந்தது. ஒரு கையால் போனை எடுத்து என் மனிசன் மோகனைக் கூப்பிட்டேன். அவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது, அங்கத்தைய ஆஸ்பத்திரியில் எனக்கு மாக்கட்டுப் போட்டு முடிந்திருந்தது. கை எப்படி என்று கேட்டார். நாளைக்கு வானம் வெளிக்குமாம் என்றேன். கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

சொந்தக்காரர் எல்லோரும் போனில் புத்தி சொன்னார்கள். இந்த வயதில் என்னத்துக்கு, மண்டபத்துப் படம் போதாதா என்றார்கள். நான் யன்னலோரம் இருந்து பத்து நாளில் போன நாட்களை எண்ணினேன். நாலாம் நாள் காலையில் மோகன் என் மலைச் சப்பாத்தோடு தன் சப்பாத்தையும் எடுத்து வெளியில் வைத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலே பனி கொட்டி, காற்று அடித்து, சிவப்பு அங்குமிங்குமாய்த்தான் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மோகன் ஸ்ராண்டை நட்டு, கமராவில் வேறு லென்ஸ் போட்டுப் பூட்டி, காற்றுப் பக்கம் எனக்கு மறைவாக நின்றுகொண்டு சொன்னார்: "முக்கால்வாசி கொட்டுண்டு போச்சு. மிச்சத்தை எடு."

நல்ல புத்தி சொன்ன ஒருவரின் சொல்லையும் கேளாமல் இத்தனை வருடம் மலையேறி நான் சம்பாதித்தது கொஞ்சம் நல்ல படங்களும், முழுதாக மடங்காத ஒரு மணிக்கட்டும், வருகிற செப்ரெம்பரிலும் ஏலாது என்று சொல்லும் பழக்கமும்தான்.