எட்டாம் நம்பர் பில்லும் ஒரு நாற்காலியும்

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிற தொழிலில் மயிலைத் தோகை விரிக்க வைப்பது சுலபம், அந்த மயிலுக்கு பில் போடுவதுதான் பேஜார்.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரு வாய் என்று என்னைப்போல் தனி ஆளாகத் தொழில் நடத்தும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்! சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பார்டருக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகப் படம் போட்டுத் தருகிறேன். தறிக்காரர்கள் அதைத் தறியில் ஏற்றி நெய்கிறார்கள். அதற்கு முன்னால் தாமோதரன் சாரின் டிசைன் சென்டரில் பல வருஷம் வேலை. ஒரு நாள் கிளி மூக்கு எவ்வளவு வளையலாம் என்று அவருக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. "என் கிளிக்கு நானே முதலாளியா இருந்துக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பில் விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. கடையில் வாங்கிய பில் புத்தகம், நடுவில் கார்பன் தாள், உச்சியில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனால் சுழி போடாத பில்லை எங்கள் ஊரில் கையால் தொட மாட்டார்கள், அதனால் என் பேனாவே பாதி பிள்ளையார் பக்தன்.

ஆடி பிறந்ததும் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஜவுளிக்கடையின் தகவல் வந்தது. இனிமேல் கைப்பில் செல்லாது, எங்கள் இணையதளத்தில் டிஜிட்டல் பில்தான், ஆடி முடிவதற்குள் ஒரு பில்லாவது சரியாக ஏறினால்தான் முகூர்த்த சீசன் ஆர்டர் என்று. என் வேலையில் பாதி அந்தக் கடையுடையது. அது போனால் அறை வாடகை போச்சு, அறை போனால் மறுபடி சென்டர்தான். எப்படித்தான் மூக்கு வியர்த்ததோ, அன்று சாயங்காலமே தாமோதரன் சார் போன் செய்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெண்ணே என்பதற்கு 'அம்மாயி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"நாங்கல்லாம் எப்பவோ ரெடி அம்மாயி. உன்னால முடியலன்னா வெக்கப்படாத, உன் நாற்காலி காலியாத்தான் இருக்குது."

காது குத்து யாருக்கு?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். அங்கே நிஷா என்று ஒரு பெண். ஒரு கையால் கால்குலேட்டர் தட்டிக்கொண்டே மறு கையால் சமோசா சாப்பிடும் திறமைசாலி. நேராக அவளிடம் போய் நின்றேன். "கவர்மெண்ட் என்னை மாதிரி சின்ன ஆளை எல்லாம் ஏம்மா இப்படிப் படுத்துது?" என்று ஒரு பாட்டம் அழுதேன்.

அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, இந்தக் கட்டாயம் பெரிய வியாபாரிகளுக்குத்தான் என்றாள். சென்னைக்காரர்கள் தங்கள் கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டும் என்று, சரக்கு தருகிற எல்லோரையும் அதே வழிக்கு இழுக்கிறார்களாம். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காது குத்து அவங்களுக்குக்கா. அழுகிறதுதான் நீங்க."

ஆடிக் கூழும் ஆறு நம்பரும்

இணையதளத்தில் பேர் பதியவேண்டும். பதிந்தால் போனுக்கு ஓடிபி வரும். அந்த போன் என் வீட்டுக்காரர் ஜோசப்பிடம் இருக்கிறது, ஏனென்றால் ஜிஎஸ்டி நம்பர் வாங்கிய அன்றைக்கு என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது, அவர் நம்பரைத்தான் கொடுத்தேன். ஜோசப்புக்கு மைக் செட் தொழில். கோயில், சர்ச், கல்யாணம், சாவு, யார் கூப்பிட்டாலும் குழாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அன்று எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. நான் போன் செய்து, "சீக்கிரம் ஓடிபி சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல செத்துடும்" என்று கத்தினேன். மனுஷர் பதறிப்போய், கையில் இருந்த மைக்கை அணைக்காமலே படித்தார். "நாலு... ஒண்ணு... ஒம்போது..." போனில் ஒருமுறை, நாலு குழாயிலும் ஒருமுறை. பாட்டு நின்றுபோய் பெருமாள் கோயில் மதில் வரைக்கும் என் ஓடிபி முழங்கியது. ஏசப்பா, நல்ல வேளை, அது வங்கிக் கணக்கு ஓடிபி இல்லை!

பேர் பதிந்துவிட்டது. சந்தோஷத்தில் வாசலுக்கு வந்தால், தூக்குவாளியோடு ஒரு அம்மா மூச்சிரைக்க நிற்கிறார்.

"நம்பரு கூப்ட்டாங்களே, கூழு எங்கமா ஊத்தறாங்க?"

மயில் ஒன்று, யானை இரண்டு

எங்கள் தொழிலில் டிசைனை அதில் இருக்கும் உருவத்தின் பேரால்தான் சொல்வோம். 'மயில் முடிஞ்சுதா?' 'யானைக்குக் கால் சரியில்ல' என்றுதான் பேச்சே. கைப்பில்லிலும் அப்படித்தான் எழுதுவேன். சென்னைக் கடையின் அக்கவுண்ட்ஸ் தம்பி பிரவீண், முதலில் மாதிரிக்கு ஒரு பில் ஏற்றிப் பாருங்கள் என்றான். நானும் பழக்கதோஷத்தில் பொருள் என்ற இடத்தில் 'மயில் 1, யானை 2, அன்னம் 4' என்று ஏற்றினேன்.

அரைமணி நேரம் காத்திருந்தேன். பிறகு அந்தத் தளம் சிவப்பு சிவப்பாக எதையோ காட்டியது. அடுத்து பிரவீணின் போன். புதுசாகச் சேர்ந்த பிள்ளை, பட்டு பற்றி ஒன்றும் தெரியாது, மரியாதை மட்டும் ரொம்ப ஜாஸ்தி.

"மேடம், மயில் வாங்கினா போலீஸ் புடிக்கும்னு எங்க மேனேஜர் பயப்படறாரு. அன்னம் ஓகேவாம். யானைய மட்டும் லாரில அனுப்பாதீங்க, கோடவுன்ல எடமே இல்ல."

வெள்ளிக்கிழமை பத்தே முக்கால்

'பட்டுச் சேலை டிசைன் தயாரிப்பு' என்று எழுதக் கற்றுக்கொண்டேன். உள்ளூர்க்காரர், சென்னைக்காரர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே வரிசையில் கம்ப்யூட்டர் பில் போடு, நடுவில் நம்பர் விடுபடக் கூடாது என்று நிஷா சொல்லியிருந்தாள். சென்னை வேலை இன்னும் முடியவில்லை, அதனால் முதலில் உள்ளூர்க்காரர்களுக்கு அப்படியே ஆறு பில் போட்டேன். ஜோசப்பிடம், "பாத்தீங்களா, பொண்டாட்டி கம்பெனிக்காரி ஆயிட்டா" என்று பீற்றிக்கொண்டேன்.

ஏழாவது பில் முனுசாமி அண்ணனுக்கு. புதுத் தறி போட்டிருக்கிறார், அதற்கு முதல் டிசைன். பில்லை வாங்கி உற்றுப் பார்த்தார். கைப்பில்லில் தேதி மட்டும்தான் இருக்கும். இந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் நேரத்தையும் அச்சடித்துத் தொலைக்கிறது. வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பத்தைந்து. அசல் ராகுகாலம்! கிழமை ஏழுக்கும் ராகுகாலத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற நான் அன்றைக்குப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. தன் வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததுபோல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"நேரம் தெரியாம இருந்தவரிக்கும் ராகு எங்க இருந்தாருன்னே தெரியாதுமா. இப்ப கையெழுத்துப் போட்டு கைல குடுத்துட்டியே."

எட்டு வேண்டாம்

அந்த பில்லை ரத்து செய்தேன். நல்ல நேரம் பார்த்து வேறு போட்டேன். தானாக எட்டாம் நம்பர் விழுந்தது. அண்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். புதுத் தறி, ஆடி மாசம், அதற்கு மேல் எட்டு! "ஏழு குடு, இல்ல ஒம்போது குடு. எட்டு மட்டும் வாணாம் தாயி" என்றார். போட்டதை ஏற்றாமல் அப்படியே நிறுத்தி வைத்தேன்.

கைப்பில் காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் எட்டாவது தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். இங்கே எதைக் கிழிப்பது? மானிட்டரையா? இன்னொரு ரத்து போட்டால் சென்னைக்காரர்கள் சந்தேகப்படுவார்கள் என்று நிஷா விரலை ஆட்டினாள். விஷயம் அதற்குள் தெருவெல்லாம் பரவி, அடுத்து வந்த ஒவ்வொருவரும் உஷாராக வாசலிலேயே நின்று, "எட்டு போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள். போகவில்லை என்றால் கழற்றவே இல்லை. ரேஷன் கடை மாதிரி ஆள் சேர்ந்துவிட்டது, பில் வாங்கத்தான் ஆள் இல்லை.

ஆடி முடிய ஒரே நாள்தான் பாக்கி. சென்னைக்காரர்களுக்கு எட்டாவது, ஒன்பதாவது என்ன தெரியப்போகிறது, அவர்கள் தலையிலேயே கட்டிவிடலாம் என்று பிரவீணைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"சிஸ்டம் ஏத்துக்கும் மேடம். எங்க முதலாளிதான் ஏத்துக்க மாட்டாரு. அவர் கார்ல பெட்ரோலே எட்டு லிட்டர் போட மாட்டாரு."

இரண்டு எட்டு

ஆடி கடைசி நாள், வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். காலையில் எழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பாழாய்ப்போன நம்பருக்காக என் அறை, என் கிளி, என் பேர் எல்லாம் போகப்போகிறது. சரி, போகிற இடத்துக்கு மானத்தோடு போவோம் என்று புடவையை நன்றாகக் கட்டிக்கொண்டு தாமோதரன் சார் சென்டருக்கே போனேன்.

உள்ளே நுழைந்தால், மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் பெரிசாக எட்டு. எனக்கு ஒரு நிமிஷம் என் கம்ப்யூட்டர் இங்கே எப்படி வந்தது என்று குழப்பம். "எப்பவோ ரெடின்னீங்களே சார்?" என்றேன். "ஏழு வரிக்கும் ரெடிதான் அம்மாயி" என்றார், பாவம். அவருடைய எட்டையும் ஊரில் ஒருத்தரும் வாங்கவில்லை. அவருக்கும் அதே சென்னைக் கடை, அதே கெடு!

நான் சிரித்தேன் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அவரும் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சுவரில் மாட்டியிருந்த அவர் சென்டரின் கிளி டிசைனைப் பார்த்தேன். மூக்கு இன்னமும் மிளகாய்ப்பழம் மாதிரித்தான் இருந்தது.

"சார், உங்களுக்கு ஒரு நல்ல கிளி வேணும். என் எட்டாம் நம்பர்ல போட்டுத் தரேன். நான் சர்ச்சுக்குப் போறவ, எட்டு என்னை ஒண்ணும் பண்ணாது. உங்க எட்டுல எனக்கு எதையாவது வித்துடுங்க."

"கிளிய எட்டுல வாங்கினா எனக்கு ஆவாதே."

"மூக்கு சரியா இருக்கும் சார்."

ரொம்ப நேரம் யோசித்தார். பெருமாள் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சரி, எனக்கு விற்க என்ன இருக்கிறது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். நூல் வேண்டாம், தறியில் மாட்டும் பழைய டிசைன் அட்டை வேண்டாம். கடைசியில் மூலையில் காலியாகக் கிடந்த, ஒரு கால் ஆடும் என் பழைய நாற்காலி மேல் கண் நின்றது. ராகுகாலம் ஒன்றரைக்குத் தொடங்குகிறது. அதற்குள் 'நாற்காலி 1' என்று எனக்கு அவர் பில் போட்டார், 'பட்டுச் சேலை டிசைன் தயாரிப்பு' என்று அவருக்கு நான் போட்டேன். கிளியை அங்கேயே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன்.

நாற்காலியை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தேன். மூன்று மணி அடிக்கும்வரை அதில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே இருந்தேன். ராகுகாலம் முடிந்ததும் சென்னைக்கு ஒன்பதாம் நம்பர். மறுபடி ஓடிபி. அன்றைக்கும் ஜோசப் அதே கோயிலில்தான், மைக் அன்றைக்கும் ஆனில்தான். நான் போனைக் காதில் வைக்கவே இல்லை, ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டேன். திரையில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் வாசலில் காத்திருந்த முனுசாமி அண்ணன், "எட்டு போயிடுச்சா?" என்று செருப்பைக் கழற்றினார்.

தாமோதரன் சாருக்கு போன் செய்து, என் பில் ஏறிவிட்டது என்று சொன்னேன். அவருடையதும் ஏறிவிட்டதாம். கிளியைத் திரையில் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மூக்கு நல்லாத்தான் இருக்குது. இந்தா பாரு, நாற்காலி இனிமே உன்னுது. என் சென்டர்ல உனக்கு உக்கார எடம் இல்ல அம்மாயி, திரும்பி வந்துகினு இருக்காத."

ஆக, காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தாலும் எங்கள் ஊரில் பில்லுக்கு நல்ல நேரம் பார்த்தே ஆகவேண்டும், வேலை போன பழைய கார்பன் தாளைத்தான் மடித்து, அந்த நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.