கரையில் ஆறிய சொதி

துறைமுக அலுவலகத்தில் கப்பல்களுக்கு நுழைவு அனுமதி எழுதியே நரைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் பாய்ப்படகில் ஊர் சுற்றுவோம் என்று அந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால், மனுவாக எழுதித் தரச் சொல்லியிருப்பேன்.

மலேசியாவில் எங்கள் மருமகன் ஒரு பழைய படகை வாங்கிப் போட்டு, ஓட்ட நேரமில்லாமல் கட்டி வைத்திருந்தார். அதில் சில பருவங்கள் சுமத்திராவை ஒட்டிய சின்னத் தீவுகளைச் சுற்றினோம். பாய் என் பொறுப்பு, சுக்கான் அவள் பொறுப்பு. எங்கள் குடும்பத்திலும் அதுதான் ஏற்பாடு.

எங்கே போய்ச் சேர்ந்தாலும் முதல் வேலை, காகிதங்களோடு துறைமுக அதிகாரியைத் தேடிப் போவது. ஒரு தீவில் அந்த மனிதர் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு தென்னைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் காகிதங்களை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். முத்திரையைத் தேடினார், கிடைக்கவில்லை. அதற்குள் அவர் மனைவி எங்களை வீட்டுக்குள் இழுத்துப் போய்விட்டார். நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை என்பதைச் சைகையில் விளக்கியதும் அந்த அம்மாள் கலங்கிப் போய், நாலு வீடு ஏறி இறங்கிப் பலாக்காய் வாங்கிவந்து தேங்காய்ப்பாலில் குழம்பு வைத்தார்.

“நம்ம சொதிதாங்க. காரந்தான் கொஞ்சம் கைதவறிட்டு” என்றாள் என் மனைவி, கண்ணில் நீர் வழிய.

முத்திரை மறுநாள் கோழிக்கூட்டுப் பக்கம் அகப்பட்டது.

பிறகு என் மனைவியின் முழங்கால்கள் படகில் ஏறி இறங்க மறுத்துவிட்டன. திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டோம். ஆறும் வீடுமாக வாழ்க்கை அமைதியாகத்தான் இருந்தது. அவளுக்கு மட்டும் ஒரு குறை.

“அத்தனை வீட்ல சாப்பிட்டிருக்கோம். ஒருத்தருக்காவது ஒரு வேளை சோறு போட்டமா?”

அந்தச் சமயத்தில்தான் குலசேகரன்பட்டினத்திலிருந்து எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர் தொலைபேசினார்.

“அண்ணாச்சி, பாய் வச்ச படகு ஒண்ணு நம்ம கடல்ல நிக்கி. வெள்ளைக்காரரும் அவரு சம்சாரமும். பாய் கிழிஞ்சு போச்சாம், தைச்சுக்கிட்டு இருக்காவ. பயலுவ எளநி கொண்டு குடுத்தானுவ. உங்க வயசுதான் இருக்கும்.”

மறுநாள் விடியும் முன்பே என் மனைவி தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் சொதிச் சாப்பாடு போடுவோம். முகம் தெரியாத அந்த இரண்டு பேரும் அன்று எங்களுக்குச் சம்பந்திகள். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் தூக்குவாளிகளில் ஏறின.

புறப்படும்போது அவள் சொன்னாள்: “துறைமுக ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோங்க. தீவுல எல்லாம் அப்படித்தானே பண்ணினோம்? காகிதம் முதல்ல, சாப்பாடு பிறகு.”

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. உரிய அலுவலகத்தை அழைத்து, படகு நிற்கும் இடம், கிழிந்த பாய், ஆட்கள் எல்லாம் சொன்னேன். குறை சொல்ல முடியாத அறிவிப்பு.

கரையில் எங்களுக்கு முன்பே அதிகாரிகளின் ஜீப் நின்றது. வெளிநாட்டுப் படகு, அனுமதி பெற்ற துறைமுகத்தில்தான் கரை தொடலாம்; அதற்கு முன் வேறு யாரும் அதை அண்டக் கூடாது. தூத்துக்குடிக்குப் போகும்படி அவர்களிடம் சொல்லியாகிவிட்டது. இளம் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்க சொன்னதாலதான் சார் தெரிஞ்சுது. ரொம்ப நன்றி.”

பக்கத்தில் நின்ற அதே மீனவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் சொன்னியளா? நல்லா இருக்கு அண்ணாச்சி! நாங்க பாட்டுக்குத் தண்ணியும் எளநியுமாக் கொண்டு போய்க்கிட்டு கெடந்தோம். ஒரு பய கேக்கல. உங்கள யாரு கேட்டா?”

என் மனைவி அதிகாரியிடம் போனாள். “தம்பி, நாங்க போகல. இந்தச் சாப்பாட்டை மட்டும் குடுத்தனுப்பலாமா?”

அவர் சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார். “சாருக்கே தெரியும்மா.”

தெரியும். கரையிலிருந்து ஒரு பொருளும் ஏற்றக் கூடாது. அதைச் சாப்பாடு என்று எழுதினாலும் விதிக்குப் பொருள்தான். “கூடாது” என்றேன்.

பாதி தைத்த பாயோடு படகு நகர்ந்தது. அதிலிருந்த பெண் எழுந்து நின்று, கரையில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கைவீசினாள். என் மனைவியின் இரண்டு கைகளிலும் தூக்கு இருந்தது.

சொதி வீணாகக் கூடாதென்று அங்கேயே வாழையிலை வாங்கிப் பரிமாறினாள். மீனவர்கள் சாப்பிட்டார்கள். அதிகாரி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கு அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. அவள் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் கேட்டாள். “அந்தத் தீவுல முத்திரை எப்ப கிடைச்சுது?”

“மறுநாள்.”

“நாம சாப்பிட்டது?”

“முந்தின நாள்.”