பதினான்கு பெயர்கள்: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நாள் பயணம்

சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, திருச்சியிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம் உள்ள ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். அது என் அப்பாவின் ஊர். எனக்கு அறுபத்திரண்டு வயது. பத்து வயதுக்குப் பிறகு அந்த ஊருக்கு நான் போனதே இல்லை.

போனதற்குக் காரணம் இந்த வலைப்பூதான். வேதாரண்யம் உப்பளங்களைப் பற்றி எழுதியபோது, என் அப்பா இந்தப் பக்கத்துக்காரர், அறுபத்திரண்டு சீனப் போரில் கைதியாக இருந்து திரும்பியவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மூன்று மாதம் கழித்து அதன் கீழே சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். பெயர் செல்வம். “ஐயா, நீங்கள் சிக்னல் ராமையன் மகனா? ஊரில் என் அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்” என்று எழுதி, தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். அப்பாவை சிக்னல் ராமையன் என்று யாராவது சொல்லிக் கேட்டு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் இறந்தே பன்னிரண்டு வருடம் ஆகிறது.

காலை 5.40க்கு மத்தியப் பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர் வண்டி ஏறினேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். தஞ்சாவூரில் இட்லி, காபி. 7.30க்கு மன்னார்குடி வண்டி. ஜன்னல் ஓரம் கிடைத்தது. மனைவி போன பிறகு பயணங்களில் எனக்கு ஜன்னல் சீட்டு தாராளமாகக் கிடைக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லையே. மன்னார்குடியில் மறுபடி மாறி திருத்துறைப்பூண்டியில் இறங்கும்போது மணி 10.05. மூன்று பேருந்துக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய்க்குள்தான் ஆனது. வழியெல்லாம் சம்பா அறுவடை. அறுப்பு இயந்திரங்கள் சாலையில் முன்னால் போனால் பேருந்துகள் பின்னாலேயே ஊர்ந்துதான் போக வேண்டும். அந்த நாட்களில் போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து பதினொரு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டுநர் முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு வந்தார். யார் வீட்டுக்கு என்று கேட்டார். சிங்கப்பூர் செல்வம் வீடு என்றேன். “பாக்கியம் அக்காவா? அங்க யாருமே வர மாட்டாங்களே” என்றார். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

பாக்கியம் அக்காவுக்கு எழுபது இருக்கும். தெருவின் கடைசியில் மகன் கட்டிக் கொடுத்த மாடி வீட்டில் கீழே ஒரே ஒரு அறையைப் புழங்கிக்கொண்டு தனியாக இருக்கிறார். மற்ற அறைகள் பூட்டியிருந்தன. கணவர் கோவிந்தசாமி இறந்து எட்டு வருடம். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா ஜாடை இல்லை, அம்மா ஜாடையோ என்று கேட்டார். தண்ணீர் கொடுத்தார். மீன் வாங்கி வைத்திருப்பதாகவும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதை எழுதுவதற்கு முன் அப்பாவைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது கொஞ்சம்தான். ராணுவத்தில் சிக்னல் பிரிவு. வடகிழக்கு எல்லையில் அவர் இருந்த முகாமைச் சீனப்படை சுற்றி வளைத்தது. தோட்டா தீர்ந்தது. அதிகாரி சரணடையச் சொல்ல, இவர்களும் கையைத் தூக்கினார்கள். திபெத்தில் மாதக் கணக்கில் கைதி. உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் வேகவைத்துத் தருவார்கள், குளிர் தாங்காது. இந்த இரண்டையும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்ததும் நம் அதிகாரிகள் நாள் கணக்கில் உட்காரவைத்து விசாரித்தார்கள். பிறகு ராணுவத்தை விட்டு ஊருக்கு வந்து, மிராசுதாரிடம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். ஊரில் சிக்னல் ராமையன் என்ற பெயர் மெல்லப் போய் சரண்டர் ராமையன் என்று ஆயிற்று. டீக்கடையில் அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்களாம். நானும் அம்மாவும் என் படிப்புக்காகத் திருச்சியில் மாமா வீட்டிலேயே இருந்தோம். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ ஆனபோது அவரும் ஒரு தகரப் பெட்டியோடு திருச்சிக்கு வந்துவிட்டார். ஒரு ரைஸ்மில்லில் வாட்ச்மேன் வேலை. கடைசி வரை அதுதான். ஏன் ஊரை விட்டு வந்தார் என்று நான் கேட்டதில்லை. பள்ளியில் யாராவது கேட்டால் அப்பா ரைஸ்மில்லில் இருக்கிறார் என்பேன். பட்டாளத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன்.

பாக்கியம் அக்கா என்னை வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போனார். வாய்க்கால் கரையில் ஓர் இடத்தில் நின்றார். அங்கே இப்போது நெல் காயவைக்கும் சிமென்ட் களம் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே மிராசுதாரின் வைக்கோல் கொட்டகை இருந்ததாம்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆன சமயம். அடிக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்புக்கு இறங்க மறுத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் நடந்த மறியலில் மிராசுதாரின் நிலத்தை மேற்பார்க்கும் காரியக்காரருக்கு மண்டை உடைந்தது. மிராசுதார் ஆட்கள் கம்பும் ஒரு துப்பாக்கியுமாகத் துரத்த, பதினான்கு ஆண்கள் அந்தக் கொட்டகைக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். கோவிந்தசாமி அதில் ஒருவர். அந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயது பாக்கியமும் கணவர் பின்னாலேயே உள்ளே ஓடிவிட்டார். போலீஸும் வந்து சேர்ந்தது. வெளியே வாருங்கள், ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கம்பு வைத்திருந்தவர்கள் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கொளுத்துங்கடா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சில வருடம் முன்பு கீழத்தஞ்சையில் குடிசைக்குள் ஒளிந்தவர்களை அப்படியே வைத்துக் கொளுத்தியது உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெளியே போனாலும் வழியில் அடித்துக் கொன்று வாய்க்காலில் போட்டுவிடுவார்கள் என்றும் பயம். அரிவாளோடு பாய்ந்துவிடலாம் என்று நான்கைந்து பேர் துடித்தார்கள்.

என் அப்பாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் மறியலுக்குப் போகவில்லை. மிராசுதாரின் குத்தகைக்காரர் வேறு. கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், நான் பேசிப் பார்க்கிறேன் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அவரைக் கண்டதும் உள்ளே இருந்தவர்கள், சரண்டர் வந்துட்டான் என்று கேலி செய்தார்களாம்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். தகப்பன் பெயர், வயது, தெரு. எழுதியது இரண்டு பிரதி. ஒன்றை மடித்துப் பாக்கியத்திடம் கொடுத்தார். உடம்பில் சிறியவர் அவர்தான். கொட்டகையின் பின்பக்கக் கீற்றைப் பிரித்தால் நேராக வாய்க்கால்; கரையில் கோரை மண்டிக் கிடந்தது. அதில் இறங்கி, மூன்று மைல் தள்ளி இருந்த போஸ்ட் ஆபீஸுக்குப் போய், கலெக்டருக்குத் தந்தி அடிக்கச் சொல்ல வேண்டும்.

“எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி” என்றார் பாக்கியம் அக்கா. “தண்ணில காயிதம் நனஞ்சிட்டா என்ன பண்ணுறதுன்னு உங்கப்பா பதினாலு பேரையும் என் வாயால மூணு தடவ சொல்ல வச்சாரு. அதுக்கப்புறம்தான் வுட்டாரு.”

அந்தக் களத்தில் நின்றபடியே பதினான்கு பெயர்களையும் தகப்பன் பெயரோடு சொன்னார். எங்கும் தடுக்கவில்லை. கணவர் பெயரையும் மற்றவற்றைப் போலவே சொன்னார்.

பாக்கியம் போஸ்ட் ஆபீஸ் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை உள்ளே இருப்பவர்கள் பாய்ந்துவிடக் கூடாது, வெளியே இருப்பவர்கள் பொறுமை இழக்கக் கூடாது. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் இதோ வருகிறார்கள் என்று வெளியே பதில் சொல்லிக்கொண்டே, உள்ளே அப்பா தன் கதையைச் சொல்லியிருக்கிறார். கோவிந்தசாமி பின்னாளில் மனைவியிடம் சொன்னது அது. சரணடைந்த அன்று அப்பாவோடு பீட்டர் என்று ஒரு சிநேகிதர் இருந்திருக்கிறார், தொடையில் குண்டு பட்டவர். கைதிகளை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் எழுதுவதற்கு முன்பே, காயம்பட்டவர்களை வைத்தியத்துக்கு என்று தூக்கிப் போய்விட்டார்கள். பெயர் எழுதப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். பீட்டர் திரும்பவில்லை. அப்பா முகாமில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். பிடித்து வைத்தவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. எந்தத் தாளிலும் அப்படி ஓர் ஆள் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா கதவைத் திறந்து சப்-இன்ஸ்பெக்டரிடம் இரண்டாவது பிரதியை நீட்டினார். அப்போது அப்பா சொன்னதை அந்தப் பதினான்கு பேரும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்களாம்:

“பேரு கலெக்டருக்குப் போயிடுச்சுங்க. இனி இவங்க பதினாலு பேரும் உங்க பொறுப்பு. எண்ணிக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

அரிவாள்களை வாசலில் போட்டுவிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஸ்டேஷனில் அடி விழுந்தது. ஒருவருக்குக் காது போயிற்று. ஆனாலும் பாக்கியம் சொன்ன தந்தி கலெக்டருக்குப் போயிருந்தது; பதினைந்து நாளில் பதினான்கு பேரும் உயிரோடு ஊருக்கு வந்துவிட்டார்கள்.

பாக்கியம் அக்கா களத்தில் காய்ந்த நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, என்னை எதற்குக் கூப்பிட்டாரோ அதைச் சொன்னார்.

“உங்கப்பா தன் பேர அதுல எழுதிக்கல.”

வெளியே வந்தவர்கள் பதினைந்து பேர். தாளில் இருந்தது பதினான்கு. பதினைந்தாவது ஆளைத் தனியாக வேறு ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். எங்கே வைத்திருந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கு அப்படி யாரும் இல்லை என்றே பதில். பத்தொன்பதாம் நாள் சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். இடது கை விரல்கள் மூன்று நொறுங்கியிருந்தன.

அப்பாவின் இடது கை விரல்கள் மூன்று மடங்காது. களத்தில் கட்டை விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். நாற்பது வருடம் அந்தக் கையால் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் சந்தேகம் வந்ததில்லை.

ஏன் எழுதிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். தெரியாது என்றார். மறந்துவிட்டாரா, தான் குற்றவாளி இல்லையே என்று நினைத்தாரா, எனக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததும் நல்லதாக இல்லை. வெளியூர் ஆட்கள் அறுப்பை முடித்துவிட்டார்கள். அந்த வருடம் அரைப்படி கிடைக்கவில்லை. எங்களைச் சரணடைய வைத்து மிராசுதாரை ஜெயிக்க வைத்தவன் என்று தெருக்காரர்கள் அப்பாவைப் பேசினார்கள். மிராசுதார் குத்தகையைப் பிடுங்கிக்கொண்டார். கோவிந்தசாமி அப்பாவுக்கு முன்னால் காறித் துப்பியிருக்கிறார். அந்த வாரமே அப்பா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வழியனுப்ப யாரும் போகவில்லை.

“நானும் போவல. அவரு எதுத்தாப்லதான் நடந்து போனாரு. நான் உள்ள போயிட்டேன்” என்றார் அக்கா. “எங்க வூட்டுக்காரரு அதுக்கப்புறம் நாப்பது வருசத்துக்கு மேல இருந்தாரு. செல்வம் பொறந்தான். கடைசியில படுக்கையில கெடக்கும்போது சொன்னாரு, சிக்னல்காரரு வூட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வந்திருக்கலாம்னு. அத யாருகிட்டயாவது சொல்லிடணும்னுதான் ஒங்கள கூப்புட்டேன்.”

பரவாயில்லை அக்கா என்றேன். அதைச் சொல்ல நான் யார் என்று உடனே தோன்றியது. அவரை ஊர் தனியாக விட்டது போலத்தான் நானும் விட்டேன், ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

மதியம் 1.10க்கு ஊர் முனையிலிருந்து ஒரு டவுன் பஸ் உண்டு. அதில் ஏறிவிட்டேன். சாப்பிட்டுப் போங்க என்று அக்கா எவ்வளவோ சொன்னார். அந்த வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது என்று நினைத்தேன். பொய்யாக ஒரு வேலையைச் சொன்னேன். பஸ் திரும்பும்போது பார்த்தேன், அவர் வெயிலில் வந்த வழியே தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். மாலை 6.20க்குத் திருச்சி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “கொழம்பு இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குச் சாலை துண்டிக்கப்படும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். திருத்துறைப்பூண்டியை விட்டால் கட்டணக் கழிப்பறை கிடையாது. அந்தக் காலத்துப் போராட்டங்களைப் பற்றிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். கிராமங்களிலிருந்து திரும்ப 1.10க்கு ஒரு பஸ், 3.50க்கு ஒரு பஸ். யாராவது உங்களுக்காகச் சமைத்து வைத்திருந்தால், 3.50 பஸ்ஸில் வாருங்கள்.