கூட்டம் சொன்ன சொல்

ஆலங்குடாக் கரையில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் தூக்குவதுதான் என் முதல் வேலை. அவர்கள் ஸ்பீக்கரில் போடுகிற ராப்பைக் கேட்டுக் கேட்டு, அந்தத் தாளத்துக்குள் எங்கள் தமிழைத் திணித்துப் பழகினேன். "பாட்டும் இல்ல, கதையும் இல்ல. இதென்னடா, வயித்தால போற மாதிரி?" என்று அண்ணன் கேலி பண்ணுவான். ஆனால் நான் கைபேசியில் பதிவு செய்கிற நேரம், தெருவில் சத்தம் போடுகிறவர்களை விரட்டுகிறவனும் அவன்தான்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய ஒரு நாள், துணைக்குப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் மீன்பிடிக்கப் படகில் தனியே போனான். அவனும் வரவில்லை, படகும் வரவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. உடல் ஒதுங்கும்வரை எவரையும் செத்ததாகச் சொல்லக் கூடாது. "போன ஆள் இன்னும் வரல்ல" என்பதோடு கதையை நிறுத்திவிட வேண்டும். செத்தவர்களுக்குக் கோயிலில் வைக்கிற ஆத்துமப் பூசை கிடையாது, ஒப்பாரி கிடையாது. இதைச் சும்மா மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. இயந்திரம் பழுதாகி, காற்றோடு இந்தியப் பக்கம் போய், மாதக்கணக்கில் அந்த நாட்டுச் சிறையில் மறியலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எங்களுக்குள் உண்டு. அம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மறியல்ல இருக்கான். விட்டா வந்துருவான்" என்பார்.

எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. ஒரு வருஷமாக அடக்கிவைத்த அழுகைதான் பாட்டாக வந்தது. முதலில் "அண்ணன் வரல்ல" என்றுதான் எழுதினேன். கொழும்பில் இசை போட்ட கூட்டாளி, "மச்சான், இந்தச் சொல் நொண்டுது. அடி விழுற இடத்தில அடிக்கிற மாதிரி ஒண்டு வேணும்" என்றான். "அண்ணன் செத்தான்" என்று மாற்றினேன். அடி சரியாக விழுந்தது. என்னைப்போல் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்தேன், மடையன்.

பாட்டு யூடியூப்பில் காட்டுத்தீயாகப் பரவியது. சிங்களப் பொடியன்மார் அர்த்தம் தெரியாமலே பாடினார்கள். கொழும்பில் முதல் மேடை ஏறினேன். "அண்ணன்!" என்று கத்திவிட்டு, மூச்சு வாங்குவதற்காக மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினேன். "செத்தான்!" என்று அரங்கமே திருப்பிக் கத்தியது. பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்கு அவ்வளவு இன்பமாக இருந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதையே செய்தேன். அந்தச் சொல்லை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அம்மாவிடம் இருந்தது பொத்தானை அமத்துகிற பழைய போன். அண்ணனைப் பற்றிய பாட்டு என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஊரிலும் எவரும் அந்தச் சொல்லை அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது பொடியன்மார் பாட்டை நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எல்லா ஊரிலயும் பாடு மகன். அவனைக் கண்ட ஆரும் கேட்டா, இங்கதான் இருக்கான் எண்டு சொல்லுவாங்கதானே?"

நான் ஓம் என்றேன். அந்த ஓமை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

பிறகு எங்கள் மாவட்டத்திலேயே, முந்தல் ஊரில் நிகழ்ச்சி வந்தது. வெயில் தாழாத பின்னேரத்தில் மேடையேறினேன். முன்வரிசையில், பிளாஸ்டிக் கதிரையில், திருவிழாச் சேலையோடு அம்மா இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஏற்பாட்டாளர்கள் வாகனம் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள்.

அந்தப் பாட்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பாடினேன். கூட்டம் விடவில்லை. அதற்குத்தானே வந்திருக்கிறார்கள்? சரி, அந்த இடத்தில் மட்டும் பழைய சொல்லை நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து "அண்ணன் வரல்ல" என்று கத்தினேன். ஊர் ஊராகப் போய் நானே பழக்கிவைத்த பழக்கம் அல்லவா? என் குரலை மூடிக்கொண்டு "செத்தான்!" என்று மைதானம் கத்தியது. திரும்பவும் கத்தியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் ஊரார் வாயாலும் கெட்டேன். அம்மா கதிரையில் இருந்தபடியே பின்னால் திரும்பி, அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் தெருப் பொடியன்மாரும் அங்கே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் வாகனத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அது வெறும் பாட்டு என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"இவ்வளவு சனம் சொல்லுது மகன். எனக்கு மட்டுந்தான் தெரியாம இருந்திருக்கு."

அடுத்த நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். மூத்தவனுக்கு ஆத்துமப் பூசை வைக்க வேண்டும் என்று ஃபாதரிடம் சொன்னார். ஃபாதர் கொப்பியைத் திறந்து அண்ணனின் பெயரை எழுதினார். செத்த திகதி என்ன என்று கேட்டார். படகு போன நாளை நான் சொன்னேன்.

"இல்ல ஃபாதர்," என்றார் அம்மா. "நேத்து எண்டு எழுதுங்க."